நெட்டை அணைத்துவிட்டு டைனமோடிபி நிரலைச் சோதித்தது எப்படி

கிளவுட் தரவுத்தளத்தை நம்பி எழுதிய நிரலுக்கு டெஸ்ட் எழுதும்போது முதலில் இடிப்பது தூரம்தான். நிரல் நம் கணினியில் இருக்கிறது, டேபிள் வேறெங்கோ இருக்கிறது. ஒவ்வொரு டெஸ்டும் நெட்டைத் தாண்டிப் போய்வர வேண்டும். குழுவில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஓட்டினால், ஒருவர் டேபிளில் போட்ட ஐட்டத்தை (ஒரு பதிவை) இன்னொருவருடைய டெஸ்ட் துடைத்துவிடும். அப்புறம் யாருக்கும் டெஸ்ட் ஓட்டவே மனம் வராது.

என் கைக்கு வந்த ஆர்டர் சேவை அந்த நிலையில்தான் இருந்தது. பைத்தானில் எழுதியது, போட்டோ3 என்ற பைத்தான் நூலகம் வழியாக அமேசானின் கிளவுட் தரவுத்தளமான டைனமோடிபியோடு பேசுவது. அதில் இரண்டு வகை டெஸ்ட்கள் இருந்தன. ஒரு வகை, கிளவுடில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த டேபிளைத் தொடுபவை. இன்னொரு வகை, தரவுத்தளம் பக்கமே போகாமல், இப்படிக் கேட்டால் இந்தப் பதில் வந்ததாக வைத்துக்கொள் என்று மாக், அதாவது போலிப் பதிலி, போட்டு எழுதியவை. எனக்கு அதிகக் கவலை தந்தது இரண்டாவது வகைதான். நாம் அனுப்பும் எக்ஸ்பிரஷனை, அதாவது தரவுத்தளத்துக்கு எழுதும் நிபந்தனை வரியை, மாக் படிப்பதே இல்லை. எழுத்துப் பிழை இருந்தாலும் சரி, இல்லாத இண்டெக்ஸை (வேறொரு கீயால் தேட உதவும் துணைப் பட்டியலை) கேட்டாலும் சரி, டெஸ்ட் பச்சை விளக்குதான் காட்டும்.

ஆகவே இலக்கை இப்படி வைத்துக்கொண்டேன். வைஃபையை அணைத்துவிட்டு பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியை ஓட்டினால் எல்லா டெஸ்டும் ஓட வேண்டும். அதே சமயம், நிரல் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் டைனமோடிபியின் விதிகள் தெரிந்த ஒன்று படித்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எதை வைத்துச் சோதிப்பது

மூன்று வழிகள் கண்ணில் பட்டன. மோட்டோ என்பது பைத்தான் நூலகம். போட்டோ3 வெளியே அனுப்பும் கோரிக்கையைப் பாதியிலேயே பிடித்து, அதே பைத்தான் புராசஸுக்குள் பதில் சொல்லிவிடும். டைனமோடிபி லோக்கல் என்பது அமேசானே 2013இல் வெளியிட்டது. ஜாவாவில் ஓடும் தனிச் சர்வர், உள்ளே தரவைச் சேமிப்பது எஸ்கியூலைட். மூன்றாவது லோக்கல்ஸ்டாக், அது பல கிளவுட் சேவைகளைச் சேர்த்துத் தருவது, டைனமோடிபிக்கு மட்டும் உள்ளே அதே டைனமோடிபி லோக்கலைத்தான் ஓட்டுகிறது.

மோட்டோ வேகமானது, தனியாக எதையும் துவக்க வேண்டாம். சின்ன நிரலாக இருந்தால் அதையே எடுத்திருப்பேன். ஆனால் இந்தச் சேவையின் உயிர் இருப்பது, நிபந்தனை பொருந்தினால் மட்டும் எழுது என்று சொல்லும் கண்டிஷன் எக்ஸ்பிரஷன்களில். அவற்றை, அந்தத் தரவுத்தளத்தைச் செய்தவர்களே எழுதிய ஒன்று படித்துச் சொல்வதுதான் எனக்கு நம்பிக்கையாக இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. இதே டேபிளை நோட்.ஜேஎஸ்ஸில் எழுதிய வேறொரு நிரலும் படிக்கிறது. தனிச் சர்வர் என்றால் இரண்டும் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதல் வேலை நிரலுக்குள்

சர்வரைத் துவக்குவதற்கு முன்பே நிரலில் ஒரு வாசல் திறக்க வேண்டியிருந்தது. தரவுத்தளத்தோடு பேசும் போட்டோ3 கிளையன்ட் பல கோப்புகளில் தனித்தனியாக உருவாகிக்கொண்டிருந்தது. அதுவும் கோப்பின் மேல்மட்டத்திலேயே, அதாவது இம்போர்ட் செய்த கணமே. இப்படி இருந்தால் டெஸ்ட் தன் அமைப்புகளைப் போடுவதற்குள் கிளையன்ட் பழைய முகவரியோடு தயாராகிவிடும். எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனுக்குள் இழுத்தேன். முதல் முறை கேட்கும்போதுதான் அது கிளையன்டை உருவாக்கும். டேபிளின் பெயர், எண்ட்பாயிண்ட் (கோரிக்கை போக வேண்டிய முகவரி) இரண்டையும், நிரலுக்கு வெளியே வைக்கும் சூழல் மாறிகளிலிருந்து எடுக்கும்.

2023இல் வந்த போட்டோ3 1.28இலிருந்து, டைனமோடிபிக்கான எண்ட்பாயிண்டைச் சூழல் மாறியில் வைத்தால் நூலகமே அதைப் படித்துக்கொள்கிறது. அதனால் எண்ட்பாயிண்டுக்காக மட்டும் நிரலைத் தொடத் தேவையில்லை. ஆனாலும் இந்த ஒரே வாசல் ஏற்பாட்டை நான் விடவில்லை. கிளையன்ட் எங்கே பிறக்கிறது என்பது ஒரே இடத்தில் இருந்தால்தான், பின்னால் அதன்மேல் உறை போர்த்த முடியும். கோரிக்கை எங்கே போகிறது என்று காவல் காக்கவும் முடியும். இரண்டும் பிறகு தேவைப்பட்டன.

சர்வரைத் துவக்குவது எளிது. ஜாவா இருந்தால் ஜார் கோப்பை நேராக ஓட்டலாம், அல்லது அமேசான் தரும் டாக்கர் இமேஜை (கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடத் தயாரான தொகுப்பை) எடுத்துக்கொள்ளலாம். நான் டாக்கரை எடுத்தேன். இயல்பாக அது 8000 போர்ட்டில் நிற்கும். ஜாங்கோவின் டெவலப்மென்ட் சர்வரும் அதே 8000தான் என்பதால், வெளிப்பக்கப் போர்ட்டை வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டேன். சர்வர் எழுந்துவிட்டதா என்று பிரவுசரில் முகவரியைத் தட்டிப் பார்த்தால் 400 என்று பிழை வரும். பயப்பட வேண்டாம், கையொப்பமில்லாத கோரிக்கையை ஏற்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். அந்த 400 வந்தாலே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். டெஸ்ட் துவங்கும் முன் காத்திருக்கும் ஸ்கிரிப்டிலும் அதையே அடையாளமாக வைத்தேன்.

டெஸ்டையும் கன்டெய்னருக்குள் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். அங்கே, பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸில் கொடுத்த சேவைப் பெயரையும் உள்பக்கப் போர்ட்டான 8000ஐயும் எண்ட்பாயிண்டாகக் கொடுக்க வேண்டும்.

பொய்ச் சாவியும் காவலும்

டைனமோடிபி லோக்கல், நாம் கொடுக்கும் ஆக்சஸ் கீ, அதாவது கிளவுட் கணக்கின் சாவி, உண்மையா என்று பார்ப்பதில்லை. ஆனால் போட்டோ3 சாவி இல்லாமல் கோரிக்கையில் கையொப்பம் போடாது. எனவே ஏதாவது ஒரு பொய்ச் சாவியும், ரீஜியன் என்ற கிளவுட் வட்டாரத்தின் பெயரும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நிதானமாக யோசிப்பது நல்லது. போட்டோ3 சாவியைத் தேடிக்கொண்டு போகும்: முதலில் சூழல் மாறிகள், பிறகு ஹோம் ஃபோல்டரில் இருக்கும் ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) கோப்புகள், கடைசியாக 169.254.169.254 என்ற முகவரியில், கிளவுட் கணினிகளுக்குச் சாவி தரும் மெட்டாடேட்டா சேவை. நெட் இல்லாத கணினியில் அந்தக் கடைசித் தேடல் வீண் காத்திருப்பு. நடுவில் இருப்பதோ ஆபத்து. ஹோம் ஃபோல்டரில் உண்மையான சாவி இருந்து, எண்ட்பாயிண்ட் அமைப்பும் விட்டுப்போயிருந்தால், டேபிளைத் துடைக்கும் டெஸ்ட் நேராக உண்மையான டேபிளுக்குப் போய்விடும்.

அதனால், பைடெஸ்ட் முதலில் படிக்கும் கான்ஃப்டெஸ்ட் கோப்பில், வேறெதையும் இம்போர்ட் செய்வதற்கு முன்பே, சில வரிகள் வைத்தேன். புரொஃபைல் மாறியை நீக்கு, பொய்ச் சாவிகளைப் போடு, ரீஜியனை நிலையாக வை, மெட்டாடேட்டா தேடலை அணை. அதற்குக் கீழே காவல்: கிளையன்டை உருவாக்கியதும் அது எந்த முகவரிக்குப் பேசப்போகிறது என்று அதனிடமே கேட்டு, லோக்கல்ஹோஸ்டோ கம்போஸ் சேவைப் பெயரோ இல்லையென்றால் மொத்த டெஸ்ட் ஓட்டத்தையும் அங்கேயே நிறுத்திவிடும். அதையும் மீறி ஒரு கோரிக்கை வெளியே போனாலும், பொய்ச் சாவியைப் பார்த்துக் கிளவுட் 'அன்ரெகக்னைஸ்ட் கிளையன்ட்' என்று திருப்பி அனுப்பிவிடும். தரவை அழிக்கும் டெஸ்ட் இருக்கும் எந்தத் திட்டத்திலும் இந்த இரண்டு பூட்டுகளும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் சுருக்குவழி வேண்டாம்.

காணாமல் போன டேபிள்

சர்வர் ஓடுகிறது, கமாண்ட் லைனில் டேபிளை உருவாக்கியாயிற்று, பட்டியலைக் கேட்டால் டேபிள் தெரிகிறது. பைடெஸ்ட் ஓட்டினால் 'ரிசோர்ஸ் நாட் ஃபவுண்ட்'. போர்ட் சரி, டேபிளின் பெயர் எழுத்துக்கு எழுத்து சரி. டைனமோடிபி லோக்கலைப் புதிதாகத் தொடும் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் முட்டி நிற்பார்கள்.

விடை, தரவு சேரும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கண் முன்னே இருக்கிறது. ஒரு கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றின் பெயரும் ஆக்சஸ் கீ, ஓர் அடிக்கோடு, ரீஜியன் என்று அமைந்திருக்கும். அதாவது சாவியும் ரீஜியனும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் அது தனித் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. கமாண்ட் லைன் என் சொந்த அமைப்பிலிருந்த ரீஜியனோடு பேசியது, டெஸ்ட் பொய்ச் சாவியோடும் வேறு ரீஜியனோடும் பேசியது. இரண்டும் ஒரே சர்வரின் வெவ்வேறு அறைகளில் இருந்தன. 'ஷேர்டுடிபி' என்ற தெரிவைக் கொடுத்துத் துவக்கினால் இந்தப் பிரிவினை போய்விடும், எல்லோரும் ஒரே கோப்பைப் பார்ப்பார்கள்.

கையால் தடவிப் பார்க்கும் வேலைக்கு நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்: ஷேர்டுடிபி, கூடவே தரவு நிலைத்திருக்க 'டிபிபாத்'. டாக்கரில் டிபிபாத்தை வெளி ஃபோல்டரோடு இணைக்கும்போது, தரவுத்தளக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று எஸ்கியூலைட் முரண்டு பிடித்தால் அது அனுமதிப் பிரச்சினை. இமேஜ் ரூட்டாக ஓடுவதில்லை, ஆகவே அந்த ஃபோல்டருக்கு எழுதும் உரிமை கொடுக்க வேண்டும்.

ஆனால் டெஸ்டுக்கு நேர்மாறாகச் செய்தேன். அந்தப் பிரிவினையே அங்கே பெரிய உதவி. டெஸ்ட்களைப் பல வொர்க்கர்களில் (தனித்தனிப் புராசஸ்களில்) இணையாக ஓட்டும்போது ஒன்றின் தரவு இன்னொன்றில் கலக்கக் கூடாது. வழக்கமாக டேபிள் பெயர்களுக்கு முன்னால் ஏதாவது எண்ணை ஒட்டி, நிரல் முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். இங்கே ஷேர்டுடிபியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வொர்க்கரின் பெயரையே அதன் பொய் ஆக்சஸ் கீயாகக் கொடுத்தேன். டேபிள் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றே, தரவு தனித்தனி. ஒரே நிபந்தனை, 2.0 பதிப்பிலிருந்து ஆக்சஸ் கீயில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டுமே இருக்கலாம். கோடு, அடிக்கோடு எதுவும் கூடாது. டெஸ்டுக்கான சர்வர் 'இன்மெமரி' தெரிவோடு ஓடுகிறது. நிறுத்தினால் எல்லாம் மறைந்துவிடும், துடைக்கும் வேலை மிச்சம். இன்மெமரியையும் டிபிபாத்தையும் ஒன்றாகக் கொடுக்க முடியாது என்பதால் இரண்டு சர்வர்களையும் கம்போஸில் தனித்தனிச் சேவைகளாகவே வைத்தேன்.

டேபிள் வரையறை எங்கிருந்து வருகிறது

டெஸ்டுக்கென்று டேபிள் வரையறையைத் திரும்பக் கையால் எழுதினால், நாளடைவில் அதுவும் உண்மையான டேபிளும் விலகிப் போகும். கிளவுடில் டேபிளை உருவாக்கும் கிளவுட்ஃபார்மேஷன் கோப்பையே டெஸ்டும் படிக்கும்படி செய்தேன். அந்த யாமல் கோப்பில் ஆச்சரியக்குறியோடு வரும் குறிச்சொற்களைச் சாதாரண யாமல் லோடர் புரிந்துகொள்ளாது. அவற்றுக்கு ஒரு சின்னக் கையாளி எழுத வேண்டும். அப்புறம் கீ அமைப்பு, ஆட்ரிபியூட் வரையறை, இண்டெக்ஸ்கள், பில்லிங் முறை ஆகியவற்றை மட்டும் பிரித்தெடுத்து டேபிளை உருவாக்கும் கோரிக்கையில் கொடுக்கலாம். காலாவதி அமைப்பு, பாயிண்ட் இன் டைம் ரெக்கவரி போன்றவை அந்தக் கோரிக்கையில் சேராது. அவற்றை அனுப்பினால் போட்டோ3யே தடுத்துவிடும்.

மாக் விட்டதை எல்லாம் இது பிடித்தது

முதல் ஓட்டத்திலேயே பலன் தெரிந்தது. இன்னும் வெளியிடாத ஒரு கிளையில், ஃபில்டர் எக்ஸ்பிரஷனில் 'ஸ்டேட்டஸ்' என்ற ஆட்ரிபியூட் பெயர் நேராகவே எழுதப்பட்டிருந்தது. டைனமோடிபியில் அது ஒதுக்கப்பட்ட சொல். மாக் டெஸ்ட் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. டைனமோடிபி லோக்கல் உடனே 'வேலிடேஷன்' பிழையைக் கொடுத்தது. ஹாஷ் குறியோடு ஒரு மாற்றுப் பெயர் வைத்ததும் சரியானது. இன்னொரு இடத்தில் இண்டெக்ஸின் கீயாக இருக்கும் ஆட்ரிபியூட்டில் வெற்றுச் சரம் போய் விழுந்தது. சாதாரண ஆட்ரிபியூட்டில் வெற்றுச் சரத்தை 2020இலிருந்து டைனமோடிபி ஏற்கிறது, கீயில் இன்றும் ஏற்காது.

எல்லாவற்றையும்விட எனக்கு மதிப்பாகப் பட்டது பக்கம் பக்கமாகப் படிக்கும் இடம். டைனமோடிபியில் ஒரு குவெரி, அதாவது தேடல், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1 எம்பி வரைதான் படிக்கும். மீதி இருந்தால் எதுவரை படித்தேன் என்று கடைசிக் கீயைப் பதிலில் வைத்து அனுப்பும். நாம் அதை வைத்து அடுத்த பக்கம் கேட்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது, ஃபில்டர் எப்போது வேலை செய்கிறது என்பது. படித்து முடித்த பிறகுதான் ஃபில்டர் ஓடும். ஆகவே ஒரு பக்கம் முழுக்கப் படித்தும் ஓர் ஐட்டம்கூடத் தேறாமல் போகலாம்.

இதைச் சோதிக்க 1 எம்பி தரவு போட வேண்டியதில்லை. லிமிட் என்ற அளவைச் சின்னதாக வைத்தாலே போதும், ஏனென்றால் அதுவும் ஃபில்டருக்கு முன்னால்தான் எண்ணப்படுகிறது. ஒரே வாடிக்கையாளருக்குத் தேதி வரிசையில் ஐந்து ஆர்டர்கள் போட்டேன். முதல் இரண்டும் டெலிவரி ஆனவை, மூன்றாவது ரத்தானது, நான்காவது டெலிவரி, ஐந்தாவது ரத்து. ரத்தானவற்றை மட்டும் கொடு என்று ஃபில்டர் வைத்து, லிமிட் 2 என்று கேட்டேன். முதல் பதிலில் ஐட்டம் பட்டியல் காலி. தேறியவை 0, படித்தவை 2. ஆனால் கடைசிக் கீ இருக்கிறது; இரண்டாவது ஆர்டரைக் காட்டுகிறது. நம் நிரலிலிருந்த லூப்போ, பட்டியல் காலியானால் நின்றுவிடும்படி எழுதப்பட்டிருந்தது. விளைவு, இந்த வாடிக்கையாளருக்கு ரத்தான ஆர்டரே இல்லை என்று சொன்னது. உண்மையான டேபிளில், நீண்ட வரலாறு உள்ள ஒருவருக்கு மட்டும் இது நடக்கும். அவரும் பட்டியலில் ஏதோ குறைகிறதே என்று குழம்புவார், பிழைச் செய்தி எதுவும் எங்கும் பதிவாகாது.

லூப்பை, கடைசிக் கீ இல்லாமல் போகும்வரை ஓடு என்று மாற்றினேன். பக்க அளவை வெளியிலிருந்து கொடுக்கும் வசதியும் வைத்தேன். இப்போது ஒரே டெஸ்ட் லிமிட் 1, 2, 5 என்று மாற்றி மாற்றி ஓடுகிறது. மூன்றிலும் விடை ஒன்றாகவே இருக்க வேண்டும். 5ஐ வேண்டுமென்றே சேர்த்தேன். கடைசிக் கீ இருப்பதாலேயே இன்னும் தரவு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அடுத்த பக்கம் வெறுமையாகவும் வரலாம். டைனமோடிபியைத் தொடும் எந்தத் திட்டத்திலும் முதலில் எழுத வேண்டிய டெஸ்ட் இதுதான் என்பேன்.

கண்டிஷன் எக்ஸ்பிரஷன்களும் நன்றாகவே சோதனைக்கு உட்பட்டன. ஆர்டரில் ஒரு பதிப்பு எண் உண்டு. நான் படித்தபோது இருந்த எண்ணே இப்போதும் இருந்தால் மட்டும் எழுது என்பது ஏற்பாடு. இரண்டு கிளையன்ட்கள் ஒரே ஆர்டரைப் படித்து இரண்டும் எழுதப் போனால், ஒன்று வெற்றி பெற வேண்டும், மற்றதுக்குக் 'கண்டிஷனல் செக் ஃபெயில்ட்' வர வேண்டும். மாக் வைத்து இதைச் சோதிப்பதில் அர்த்தமே இல்லை. தோல்வி வரும் என்று நாமே எழுதிவைத்து நாமே படிப்போம். இங்கே உண்மையிலேயே இரண்டு எழுதும் கோரிக்கைகள் மோதின, ஒன்று தோற்றது.

லோக்கல் வாய் திறக்காத இடங்கள்

இதுவரை சொன்னவை எல்லாம், கோரிக்கை சரியாக அமைந்திருக்கிறதா, தரவின்மேல் சரியான விளைவு உண்டாகிறதா என்ற கேள்விகள். இவற்றில் டைனமோடிபி லோக்கலை நம்பலாம். கொள்ளளவு, காலதாமதம், அனுமதி என்ற மூன்றிலும் அது மௌனம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனியாக ஏற்பாடு செய்தேன்.

கொள்ளளவிலிருந்து துவங்குகிறேன். கிளவுடில் ஒரு பார்ட்டிஷன் விநாடிக்கு 1000 ரைட் யூனிட், 3000 ரீட் யூனிட் வரைதான் தாங்கும். மீறினால் த்ராட்டில் ஆகும், அதாவது கோரிக்கைகள் மறுக்கப்படும். லோக்கலில் டேபிளுக்கு நாம் கொடுக்கும் கொள்ளளவு அமைப்பைப் பெயருக்கு வாங்கிக்கொள்ளும், பொருட்படுத்தாது. ஆகவே ஒரே தடவையில் 25 ஐட்டம் வரை எழுதும் பேட்ச் ரைட்டில், கொள்ளளவு போதாமல் சிலவற்றை எழுத முடியவில்லை என்று திருப்பித் தரும் நிலை இங்கே வராது. நம் நிரல் அந்த மிச்சத்தைத் திரும்ப அனுப்புகிறதா என்பதைத்தான் நான் சோதிக்க வேண்டும். அதற்காக ஒரு மெல்லிய உறை எழுதினேன். அது கிளையன்டைப் போலவே நடந்துகொள்ளும். பேட்ச் ரைட் வரும்போது மட்டும் கடைசிச் சில ஐட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு மீதியை உண்மையாகவே லோக்கலுக்கு அனுப்பும், பிடித்து வைத்தவற்றை 'எழுதப்படாதவை' என்று பதிலில் சேர்க்கும். அடுத்த அழைப்பில் எல்லாவற்றையும் விட்டுவிடும். டெஸ்டின் முடிவில் டேபிளை எண்ணினால் 25ம் இருக்க வேண்டும்.

முழு மாக்கைவிட இந்த உறை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், பொய் சொல்லும் பகுதி மிகச் சின்னது, மீதி எல்லாம் டேபிளில் உண்மையாகவே எழுதப்படுகிறது என்பதுதான். பல மாற்றங்களை ஒரே மூட்டையாகச் செய்யும் டிரான்சாக்ஷன்கள் ஒன்றோடொன்று மோதும்போது வரும் 'டிரான்சாக்ஷன் கான்ஃப்ளிக்ட்' பிழையையும் லோக்கல் எழுப்புவதில்லை. அதையும் இதே உறை எழுப்பித் தருகிறது.

காலதாமதம் இன்னும் நுட்பமானது. கிளவுடில் குளோபல் செகண்டரி இண்டெக்ஸ் எப்போதும் சற்றுப் பின்தங்கியே வரும். ஆர்டரை எழுதிய மறுகணமே இண்டெக்ஸில் தேடினால் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். லோக்கலில் தேடினால் நடைமுறையில் இருந்துவிடும். உறையில் இன்னொரு குணம் சேர்த்தேன்: கடைசியாக எழுதிய ஐட்டத்தை, இண்டெக்ஸ் வழியாக வரும் முதல் குவெரியின் பதிலில் மறைத்துவிடு. இதை இயக்கியதும், ஆர்டரை உருவாக்கிய கையோடு அதை இண்டெக்ஸ் வழியாகத் தேடி உறுதிப் பக்கத்தில் காட்டும் ஃபங்ஷன் சிவப்பானது. அங்கே இண்டெக்ஸைத் தேடவே தேவையில்லை, கீ நம் கையிலேயே இருக்கிறது. நேராக டேபிளில், எழுதியது உடனே தெரியும் கன்சிஸ்டென்ட் ரீட் வைத்துப் படிக்கும்படி மாற்றினேன். யாராவது பிற்பாடு அந்த அமைப்பை எடுத்துவிட்டால் லோக்கலில் எந்த மாற்றமும் தெரியாது என்பதால், அந்தக் கோரிக்கையில் கன்சிஸ்டென்ட் ரீட் இருந்ததா என்று உறை குறித்து வைத்துச் சொல்கிறது.

டேபிளை உருவாக்குவதும் அழிப்பதும் லோக்கலில் கணத்தில் முடியும். கிளவுடில் அது தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். இண்டெக்ஸ் விஷயத்தில் மட்டும், உருவாகும் நிலையையும் அழியும் நிலையையும் வேண்டுமென்றே தாமதப்படுத்தும் ஒரு தெரிவு இருக்கிறது. டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் டெஸ்ட்களுக்கு அதை இயக்கி வைத்தேன். இன்னொரு சின்ன வித்தியாசம், கிளவுடில் டேபிள் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு, லோக்கலில் இல்லை. சூழல் மாறியில் ஓர் எழுத்து பெரிதாகிவிட்டால் இங்கே கண்டுபிடிக்க முடியாது. கிளவுட்ஃபார்மேஷன் கோப்பிலிருக்கும் பெயரோடு ஒப்பிடும் ஒரே வரி டெஸ்ட் அதற்குப் போதும்.

அனுமதிக்கு மட்டும் இங்கே வழியே இல்லை. யார் எதைத் தொடலாம் என்று சொல்லும் ஐஏஎம் பாலிசி எதையும் லோக்கல் பார்ப்பதில்லை. இதில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பாலிசியில் டேபிளுக்கு அனுமதி கொடுத்திருப்பார்கள், இண்டெக்ஸுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். இண்டெக்ஸ் தனி ரிசோர்ஸ். டேபிளின் அடையாளத்துக்குப் பின்னால் இண்டெக்ஸ் என்று சேர்த்துத் தனியாக எழுத வேண்டும். விட்டுப்போனால் டேபிளைப் படிப்பது எல்லாம் ஓடும், இண்டெக்ஸ் குவெரி மட்டும் 'ஆக்சஸ் டினைட்' ஆகும். ஆகவே கிளவுடில் ஓடும் ஒரு சின்ன டெஸ்ட் தொகுப்பை மட்டும் விட்டுவைத்தேன். வெளியீட்டுக்கு முன், சேவை எந்த ரோலில் ஓடப்போகிறதோ அதே ரோலில், ஒவ்வொரு வகைக் கோரிக்கையையும் ஒரு முறை அனுப்பிப் பார்க்கும். தரவு சரியா என்று அது பார்ப்பதில்லை, அனுமதி உண்டா என்பது மட்டும்தான்.

வேறு தரவுத்தளம் வைத்திருப்பவர்களும் தங்கள் எமுலேட்டர் (லோக்கலைப் போன்ற மாற்றுச் சர்வர்) எதில் மௌனம் காக்கிறது என்பதை முதலில் தேடிப் படிக்க வேண்டும். கூகிளின் ஃபயர்ஸ்டோர் தரவுத்தளத்துக்கான எமுலேட்டர், பல ஃபீல்டுகள் சேர்ந்த காம்போசிட் இண்டெக்ஸ்களைக் கணக்கில் எடுப்பதில்லை, முறையான எந்தக் குவெரியையும் ஓட்டிவிடும். கிளவுடில் இண்டெக்ஸ் இல்லையென்றால் அதே குவெரி தோற்கும். கூகிளின் இன்னொரு தரவுத்தளமான ஸ்பேனரின் எமுலேட்டர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரீட்-ரைட் டிரான்சாக்ஷனைத்தான் அனுமதிக்கும், ஆகவே இணையாக ஓடும் டெஸ்ட்கள் அங்கே வேறு விதமாகத் தடுமாறும். இவை எல்லாம் அந்தந்த ஆவணத்திலேயே எழுதியிருப்பவை.

கடைசி வேலைகள்

டாக்கர் இமேஜில் 'லேட்டஸ்ட்' என்று விடாமல் பதிப்பு எண்ணைக் குறித்து வைத்தேன். ஆக்சஸ் கீ விதி மாறியதைப் போல நடுவில் ஏதாவது மாறினால், அது நாம் கேட்டு நடந்த மாற்றமாக இருக்க வேண்டும். பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் டெலிமெட்ரி இயல்பாகவே இயங்கும். அதை அணைக்க ஒரு தெரிவு இருக்கிறது, அணைத்தேன். அப்புறம் வைஃபையைத் துண்டித்து, புதிய டெர்மினல் திறந்து, எண்ட்பாயிண்ட், டேபிள் பெயர் மாறிகளைத் தவிர வேறெந்தச் சூழல் மாறியும் இல்லாத நிலையில் முழுத் தொகுப்பையும் ஓட்டினேன். எல்லாம் ஓடியது. எண்ட்பாயிண்ட் மாறியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். காவல் முதல் டெஸ்டுக்கு முன்பே நிறுத்தியது.

அடுத்து ஸ்ட்ரீம்ஸ் பக்கம் போக வேண்டும். டேபிளில் நடக்கும் மாற்றங்களைப் படிக்கும் டைனமோடிபி ஸ்ட்ரீம்ஸும் லோக்கலில் அதே போர்ட்டில் கிடைக்கிறது. ஆர்டர் ரத்தானால் சரக்கு இருப்பைத் திருப்பிச் சேர்க்கும், அமேசான் கிளவுடில் ஓடும் லாம்டா ஃபங்ஷன் அதைத்தான் நம்பியிருக்கிறது. ஒரே பதிவை இரண்டு தடவை கொடுத்தால் அது இருப்பை இரட்டிப்பாக்காமல் இருக்கிறதா என்ற டெஸ்டிலிருந்து துவங்கப் போகிறேன்.